எந்தப் பக்கம் நின்று எடுத்த படம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நவம்பர் இதழில் கல்லறைத் திருநாள் படம் போட்டிருந்தீர்கள். சாமந்திப்பூ, மெழுகுவத்தி, வெள்ளையடித்த சிலுவைகள். அழகாகவே இருந்தது. கீழே ஒரு வரி: ‘கல்லறையில் எல்லோரும் சமம்’. படம் எடுத்தவர் சுவருக்கு எந்தப் பக்கம் நின்று எடுத்தார் என்று தெரிந்துகொள்ளலாமா?

திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களைத் தனியே பிரித்து வைக்கும் நடுச்சுவரைப் பற்றித் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பத்திரிகை நடத்துகிறவர்களுக்குத் தெரியாததா?

எங்கள் பங்கிலும் ஒன்று உண்டு. இடுப்பு உயரம்தான். 2011 ஐப்பசியில் அம்மா இறந்த அன்று நல்ல மழை. முன்வாசல் ‘அவர்கள்’ பக்கம் என்பதால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்புறமாக வேலிக்கருவைக்கு நடுவே போனோம். தம்பி வேட்டியை முள் கிழித்தது. பெட்டியை விட்டுவிட்டு வேட்டியைப் பிடிக்கவா முடியும்? சாமியார் முன்வாசல் வழியாக வந்து, சுவருக்கு அந்தப் பக்கம் நின்றபடியே தீர்த்தம் தெளித்தார். பாதி சுவர் மேலேயே விழுந்தது. ஒரு ஞாயிறு தவறாமல் முதல் பூசைக்குப் போனவள் அம்மா. கோயிலைப் பெருக்கியவளும் அவள்தான். பெருக்குவதற்கு மட்டும் எந்தப் பக்கமும் போகலாம்.

திருவிழாத் தேர் எங்கள் தெரு முனையில் திரும்பிவிடும். கேட்டால், தெரு குறுகலாம். அதே தெருவுக்குள் தண்ணீர் லாரி வந்து போகிறது.

யாக்கோபு நிருபத்தில் பொன்மோதிரம் போட்டவனுக்கு நாற்காலி கொடுத்து, கந்தல் உடுத்தியவனை நிற்க வைக்கிற பகுதி வாசிக்கப்படும் ஞாயிறுகளில், பிரசங்கம் பணக்காரன், ஏழை என்றே முடிந்துவிடுகிறது. சாதி என்ற சொல் சாமியாரின் வாயில் வந்து நான் கேட்டதில்லை. தங்கள் இதழ் பரவாயில்லை. அதே நவம்பர் இதழின் மணமாலைப் பக்கத்தில் ஒன்பது விளம்பரம், ஏழில் சாதி இருக்கிறது. ‘ஜெபசிந்தையுள்ள பெண், ஆர்.சி., அதே இனத்தில் மட்டும்’. ஜெபம் செய்தால் மட்டும் போதாது போலிருக்கிறது.

வடக்கன்குளம் கோயிலில் நாடார்களையும் வேளாளர்களையும் பிரித்த சுவரைக் கௌசானல் சாமியார் 1910இலேயே இடித்தார். அதை எதிர்த்து வழக்குப் போட்டவர்களும் ஞானஸ்நானம் பெற்றவர்களே. 2008இல் எறையூரில் வன்னியக் கிறிஸ்தவர்களுக்கும் தலித் கிறிஸ்தவர்களுக்கும் நடந்த மோதல், துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போய்த்தான் நின்றது. 2016இல் இந்திய ஆயர் பேரவையே சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று எழுத்தில் ஒப்புக்கொண்டுவிட்டது. ஆயர்களுக்கே தெரிந்தது தங்கள் படக்குறிப்பு எழுதுபவருக்குத் தெரியவில்லை.

அரசாங்கமோ, கிறிஸ்தவனானால் நீ எஸ்.சி. இல்லை என்று 1950லிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறது. என் மகனுக்குப் பி.சி. சான்றிதழ்தான் கிடைத்தது. தாசில்தார் கண்ணுக்கு மறைந்துபோன சாதி, பங்குப் பேரவைக்காரர்கள் கண்ணுக்கு மட்டும் எப்படிப் பளிச்சென்று தெரிகிறதோ!

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் ‘சில கல்லறைகளில் எல்லோரும் சமம்’ என்று ஒரு திருத்தம் போடுங்கள். ஒரு சொல்தான் கூடும்.

முன்பு தேர் விஷயமாக நான் எழுதிய கடிதத்தில் சாதியை எடுத்துவிட்டு ‘சில கருத்து வேறுபாடுகள்’ என்று போட்டிருந்தீர்கள். இந்த முறையும் இடம் போதவில்லை என்றால் வடக்கன்குளம், எறையூர் எல்லாவற்றையும் வெட்டிக்கொள்ளுங்கள். தீர்த்தம் சுவரில் விழுந்ததை மட்டும் வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
திருச்சி மாவட்டம்.

பி.கு.: பெயரைப் போட வேண்டாம். அப்பாவுக்கு 88 வயது. அவரையும் அந்தக் கல்லறைக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.