பிரேமே என்றால் ஒரு பெனால்டி மட்டும்தானா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் உலகக் கோப்பை இறுதிப் போட்டிகள் பற்றி வந்த கட்டுரையில், "ஒரே ஒரு பெனால்டியால் நினைவில் நிற்கும் ஆந்த்ரியாஸ் பிரேமே" என்று ஒரு வரி இருந்தது. கால்பந்து பற்றித் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தங்கள் கண்ணில் பட்டும் அந்த வரி எப்படி அச்சேறியது என்பதுதான் எனக்கு வருத்தம்.

சரி, அந்தப் பெனால்டியையே எடுத்துக்கொள்வோம். 1990 ஜூலை 8, ரோம், மேற்கு ஜெர்மனியும் அர்ஜென்டினாவும் மோதிய உலகக் கோப்பை இறுதிப் போட்டி, 85-வது நிமிடம். ஜெர்மனி கேப்டன் மத்தேயஸ் இடைவேளையில் ஷூ மாற்றியிருந்ததால் அடிக்க முன்வரவில்லை. எதிரே நின்ற அர்ஜென்டினா கோல்கீப்பர் கொய்கோசியா, அதற்கு முந்தைய இரண்டு ஆட்டங்களிலும் பெனால்டிகளைத் தடுத்து யூகோஸ்லாவியாவையும் இத்தாலியையும் வெளியேற்றியவர். அன்றும் அவர் சரியான பக்கம்தான் பாய்ந்தார். ஆனாலும் பந்து கம்பத்தை ஒட்டி உள்ளே போய்விட்டது. பிரேமே அடித்தது வலது காலால். 1986-இல் மெக்சிகோவுடனான பெனால்டி ஷூட் அவுட்டில் இதே மனிதர் இடது காலால் அடித்தார். உலகக் கோப்பையில் இரண்டு காலாலும் பெனால்டி அடிக்கும் துணிச்சல் எத்தனை பேருக்கு இருக்கும்?

அதே 1990-இல் நெதர்லாந்துக்கு எதிராக ஒரு கோல், அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக ஃப்ரீ கிக்கில் ஒரு கோல். அதற்கு முந்தைய உலகக் கோப்பை அரையிறுதியில் பிரான்ஸ் மீது 9-வது நிமிடத்திலேயே ஒரு கோல். இதெல்லாம் ஒரு லெஃப்ட் பேக், அதாவது இடது பக்கத் தடுப்பாட்டக்காரர், செய்தது ஐயா.

நானும் கல்லூரி அணியில் லெஃப்ட் பேக் ஆடியவன். ஒரு கோல்கூட வாங்காமல் நாங்கள் மாவட்டக் கோப்பை வென்றபோது, ஒரு நாளிதழில் வந்த படத்தில் தடுப்பாட்டக்காரர்கள் நான்கு பேரையும் வெட்டியிருந்தார்கள். அந்த வலி இன்னும் போகவில்லை. தங்கள் இதழிலும் அதே கதைதான் நடக்கிறது. 2024 ஜனவரியில், அந்த 1990 அணியின் பயிற்சியாளர் பெக்கன்பாவர் இறந்தபோது முழுப் பக்கம் கொடுத்தீர்கள், மகிழ்ச்சி. பிப்ரவரியில் பிரேமே 63 வயதில் மாரடைப்பால் போனபோது மூன்று வரித் துணுக்கு. அப்போதே கடிதம் எழுதினேன், வெளியிடவில்லை. ஐபிஎல் நடக்கும் மாதங்களில் கால்பந்துப் பக்கமே காணாமல் போவது பற்றியும் முன்பு எழுதியிருக்கிறேன். அதற்கும் பதில் இல்லை.

கட்டுரையாளர் 1996-ஐத் தேடிப் பார்த்திருக்கலாம். பிரேமே ஆடிய ஜெர்மன் கிளப்பான கைசர்ஸ்லாட்டர்ன் அந்த ஆண்டு இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. கடைசி ஆட்டம் முடிந்ததும் பிரேமே எதிரணியில் ஆடிய ஃபோலரின் தோளில் சாய்ந்து அழுதார். ரோமில் அந்தப் பெனால்டியை வாங்கிக் கொடுத்தவரே இந்த ஃபோலர்தான். பிரேமேவுக்கு அப்போது 35 வயது. இண்டர் மிலானோடு இத்தாலிய லீக்கையும் யூஃபா கோப்பையையும் வென்றவர், உலக சாம்பியன். விலகியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் விலகவில்லை. இரண்டாம் டிவிஷனில் இறங்கி ஆடினார். 1997-இல் அணி மேலே வந்தது. 1998-இல் பயர்ன் மியூனிக்கைப் பின்னுக்குத் தள்ளி, ஜெர்மனியின் முதல் டிவிஷன் லீக்கான புண்டஸ்லிகாவையே வென்றது. புண்டஸ்லிகாவில் மேலே வந்த அடுத்த சீசனிலேயே பட்டம் வென்ற ஒரே அணி இன்றுவரை அதுதான். அதற்கப்புறம்தான் பிரேமே ஓய்வு பெற்றார். இந்த மனிதரையா ஒரு பெனால்டிக்குள் அடைப்பது?

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அந்தக் கட்டுரையில் பிரேமே படத்தின் கீழ் "ஜெர்மனி வீரர்" என்று மட்டும் போட்டிருக்கிறீர்கள். அடுத்த இதழின் திருத்தப் பகுதியில் அவர் பெயரையும், லெஃப்ட் பேக் என்பதையும், நாட்டுக்காக 86 ஆட்டங்கள் ஆடியவர் என்பதையும் வெளியிட்டால் போதும்.

தங்கள் நீண்டநாள் வாசகன்,
திண்டுக்கல்