அந்தக் கடைசிப் பத்தியைப் பற்றி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் காய்கறிகளின் நிறங்களையும் புற்றுநோய்த் தடுப்பையும் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். முக்கால்வாசியோடு எனக்குச் சண்டை இல்லை. கேரட், பூசணி, தக்காளி, கீரை சாப்பிடுங்கள் என்றால் யார் வேண்டாம் என்று சொல்லப் போகிறார்கள்? என் வயிற்றெரிச்சலெல்லாம் கடைசிப் பத்தியின் ஒரு வாக்கியம்தான்: “காய்கறி உண்ண நேரமில்லாதவர்களும் புகைபிடிப்பவர்களும் தினமும் ஒரு பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்துக்கொண்டால் நுரையீரலுக்குப் பாதுகாப்பு.” (பீட்டா கரோட்டின் என்பது கேரட்டுக்கு நிறம் தரும் சத்து.)

எழுதியவர் தெரியாமல் எழுதியிருக்கலாம். தாங்கள் தெரியாமல் அச்சேற்றியிருப்பீர்கள் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. பின்லாந்து ஆய்வின் முடிவு 1994-லேயே வெளிவந்து உலகமெங்கும் பேசப்பட்டதே. புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேர். வயது 50 முதல் 69 வரை. அவர்களில் ஒரு பகுதியினருக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டினை ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வரை கொடுத்துப் பார்த்தார்கள். நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று காத்திருந்தால், 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் புகைபிடிப்பவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் வேலை பார்த்தவர்கள் என்று 18,314 பேரைக் கொண்டு இன்னொரு ஆய்வு நடந்தது. (அதன் சுருக்கப் பெயரே ‘கேரெட்’!) பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ-யும் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்று 28 சதவீதமும், மொத்த மரணம் 17 சதவீதமும் அதிகம். 1996 ஜனவரியில், குறித்த காலத்துக்கு 21 மாதங்கள் முன்னதாகவே மாத்திரையை நிறுத்தினார்கள். அவர்கள் பதறி நிறுத்தியதைத்தான் தாங்கள் பாதுகாப்பு என்று சிபாரிசு செய்திருக்கிறீர்கள்.

நான் 22 ஆண்டுகளாக மருந்தாளுநராக இருக்கிறேன். என் அண்ணன் முப்பத்தைந்து ஆண்டுகளாகப் புகைபிடிக்கிறார். திங்கட்கிழமை காலையில் வீட்டுக்கு வந்தவர், சட்டைப்பையிலிருந்து சிகரெட் பெட்டியை எடுத்துத் திறந்தார். வெள்ளித்தாளுக்கும் அட்டைக்கும் நடுவே நான்காக மடித்த காகிதம் ஒன்று. தங்கள் கட்டுரையேதான்; கடைசிப் பத்திக்கு மட்டும் பேனாவால் அடிக்கோடு. இன்னொரு பையிலிருந்து மாத்திரைப் புட்டி வந்தது. “இனிமேல் நீ என்னை நச்சரிக்க வேண்டாம்” என்றார். “அண்ணா, மற்றவர்களை விட உங்களுக்குத்தான் இது ஆகாது” என்றேன். “பத்திரிகையில் போட்டவர்களுக்குத் தெரியாதது உனக்குத் தெரிந்துவிட்டதா?” என்று கேட்டார். என் 22 ஆண்டுகளும் ஒரு பத்தி அச்செழுத்துக்கு முன் நிற்கவில்லை.

20 மில்லிகிராம் என்பது நான்கைந்து கேரட் அளவுதானே, அதில் என்ன கேடு என்று அவரும் கேட்டார். கேரட்டில் உள்ளது செல் சுவர்களுக்குள் சிறைப்பட்டுக் கிடக்கும். மென்று, செரித்து, கொழுப்போடு சேர்ந்து கொஞ்சம்தான் உடலுக்குள் போகும். மாத்திரைக்கு அந்தத் தடையெல்லாம் கிடையாது. பின்லாந்தில் மாத்திரை எடுத்தவர்களின் ரத்தத்தில் பீட்டா கரோட்டின் 15 மடங்குக்கு மேல் ஏறியது. புகை படிந்த நுரையீரலில் அது சிதைந்து, காக்க வேண்டியதே கெடுக்கிறது என்பது ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கங்களில் ஒன்று. இதைவிட வேடிக்கை, அதே பின்லாந்தில், ஆய்வின் தொடக்கத்திலேயே உணவின் வழியாக ரத்தத்தில் கரோட்டின் அதிகம் இருந்தவர்களுக்குப் புற்று குறைவாகத்தான் வந்தது. காய்கறி நிறைய உண்பவர் என்பதற்கு ரத்தக் கரோட்டின் ஓர் அடையாள அட்டை. அட்டையைப் பிடித்துக்கொண்டு ஆளைத் தவறவிட்ட கதைதான் இது. அறுநூறுக்கும் மேற்பட்ட கரோட்டினாய்டு நிறமிகளில் ஒன்றை மட்டும் பிடுங்கிப் புட்டியில் அடைத்தால் காய்கறி ஆகிவிடுமா?

எல்லா ஆய்விலும் கெடுதல்தான் வந்தது என்று நான் சாதிக்கவில்லை. 22,071 அமெரிக்க மருத்துவர்கள் பங்கேற்ற ஆய்வில், பன்னிரண்டு ஆண்டுகள் எடுத்தும் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் புகைபிடிக்காதவர்கள். கண் மருத்துவத்தில்கூட, 2013-இல் வந்த ஓர் ஆய்வுக்குப் பிறகு விழித்திரை நோய்க்கான மாத்திரையில் பீட்டா கரோட்டினுக்குப் பதிலாக அதே குடும்பத்து லூட்டினும் சியாசாந்தினும் வந்துவிட்டன. தங்கள் ஞாயிறு இணைப்புக்கு மட்டும்தான் அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

இது முதல் முறை என்றால் பேசாமல் இருந்திருப்பேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் தக்காளியின் சிவப்பு நிறமியான லைக்கோபீன் ப்ராஸ்டேட் புற்றை ‘ஓட ஓட விரட்டும்’ என்று தலைப்பிட்டீர்கள். தக்காளிக்கே மிகக் குறைந்த ஆதாரம்தான் உண்டு, தனி லைக்கோபீனுக்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2005-இலேயே சொன்னதை எடுத்துக்காட்டி இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். தாங்கள் அதைப் பெருந்தன்மையோடு வெளியிட்டீர்கள்: “தக்காளிக் கட்டுரையின் வண்ணப்படம் கண்ணைப் பறித்தது.” மரியாதைக்காக எழுதிய முதல் வரி அது. மீதியெல்லாம் இடப்பற்றாக்குறையில் மாண்டுபோயின. அதே பக்கத்தில் ஒரு சத்து மாத்திரை விளம்பரத்துக்கு அரைப்பக்கம் இடம் இருந்தது. “ஆய்வுகள் கூறுகின்றன” என்று எழுதுகிறீர்களே, எந்த ஆய்வு, எந்த நாடு, எந்த ஆண்டு என்று ஒரு முறையாவது எழுதியதுண்டா? “மருத்துவரை அணுகவும்” என்பதை மட்டும் எறும்பு வாசிக்கும் எழுத்தில் போட்டுப் பொறுப்பைக் கழுவிவிடுகிறீர்கள்.

நான் கேட்பது ஒரே ஒரு வரி. “புகைபிடிப்பவர்களும் முன்பு புகைபிடித்தவர்களும் புற்றுநோயைத் தடுப்பதற்கென்று பீட்டா கரோட்டின் மாத்திரை எடுக்க வேண்டாம்.” கட்டுரை வந்த அதே எழுத்தளவில் வரட்டும். ஏழாம் பக்கத்து மூலையில், வருந்துகிறோம் பெட்டிக்குள் வேண்டாம். அண்ணன் ஞாயிற்றுக்கிழமை மட்டுமே தங்கள் பத்திரிகை வாங்குகிறவர். இணைப்பை மட்டும் படித்துவிட்டு மற்றதை மடித்து வைத்துவிடுவார். ஆகவே இணைப்பிலேயே போடுங்கள். புட்டியில் இன்னும் ஐம்பத்து மூன்று மாத்திரைகள் இருக்கின்றன.

இந்தக் கடிதத்தை வெளியிடுவதானால், ‘வணக்கம்’ என்பதை மட்டும் எடுத்துப் போட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி
(பெயர் வெளியிட வேண்டாம், அண்ணன் கோபித்துக்கொள்வார்)