தை அமாவாசைக்குள் ரூ. 73,500 வேண்டும்: பிளஸ் டூ பிள்ளைகளுக்காக ஒரு வேண்டுகோள்

ஊர்ப் பெரியவர்களுக்கும் வெளியூரில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் மாரியம்மன் துணையோடு மாலை வகுப்புக் குழு எழுதுவது.

2024 டிசம்பர் 2 விடியற்காலை சாத்தனூர் அணையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்தார்கள். ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்கெனவே நுரைத்து ஓடிய தென்பெண்ணை ஊருக்குள் வந்துவிட்டது. பள்ளியில் இடுப்பளவு தண்ணீர். அரையாண்டுத் தேர்வு ஜனவரிக்குப் போனது. பாடநூல் அரசு கொடுத்தது, சரி. ஆறு மாதமாகக் கையால் எழுதிய நோட்டுக்கு எங்கே போவது? கீழத்தெருவில் ஒரு பெண் தன் வேதியியல் ரெக்கார்டு நோட்டைத் துணிக்கொடியில் காயப்போட்டிருந்தாள். தாளோடு தாள் ஒட்டி, நீல மை முழுக்க ஊறிப்போய், உப்புப் பகுப்பாய்வில் ஒரே ஒரு பக்கம்தான் படிக்க முடிந்தது. செய்முறைத் தேர்வு பிப்ரவரி 7. பொதுத்தேர்வு மார்ச் 3.

காமராசர் ஆட்சியில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்த காலத்தில் நம் தாத்தாமார் பெஞ்சும் கரும்பலகையும் மாட்டு வண்டியில் ஏற்றி, கல்யாணச் சீர் போல மேளத்தோடு கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பள்ளிக்கூடம் நிற்கும் ஒன்றரை ஏக்கரும் ஊரார் எழுதிக் கொடுத்ததே. அந்த பெஞ்சுகளில் மிஞ்சியிருந்த நான்கும் இந்த வெள்ளத்தில்தான் போயின.

இப்போது 64 பிள்ளைகள் மாலை வகுப்பில் உட்கார்ந்து, போன நோட்டுகளைத் திரும்ப எழுதுகிறார்கள். 45 நாளுக்குச் செலவு: ரெக்கார்டு நோட்டு, வரைபடத் தாள் ரூ. 28,800; சுண்டல், டீ ரூ. 43,200; இரவில் பெண்பிள்ளைகளை வீட்டில் விட வேன் வாடகை ரூ. 81,000; விளக்கு, பெஞ்சு பழுது ரூ. 33,000. மொத்தம் ரூ. 1,86,000. வந்தது ரூ. 1,12,500.

தந்தவர்களை எப்படி மறப்போம்? தங்கள் வீட்டிலேயே சேறு வழித்துக்கொண்டிருந்த மகளிர் குழு அக்காமார்தான் முதலில் ரூ. 10,000 கொண்டுவந்தார்கள். சிங்கப்பூரில் வேலை செய்யும் தம்பிகள் ஒரு மாத ஓவர்டைம் பணத்தை அப்படியே அனுப்பினார்கள். சம்பளம் வேண்டாம் என்று பாடம் நடத்தும் ஓய்வுபெற்ற ஆசிரியர் இருவருக்கும், நூறு ரூபாயை முந்தானையில் முடிந்து வந்து தந்த ஆயாவுக்கும் அம்மன் நீண்ட ஆயுள் தரட்டும்.

மனம் நோக வேண்டாம், ஒன்று சொல்கிறோம். ஆடித் திருவிழா வரியில் ஒரு வீடும் பாக்கி வைக்காத ஊர் இது. பிள்ளைகள் படிப்புக்கு இன்னும் 118 வீடு பாக்கி. அம்மனுக்குக் கொடுப்பதும் அவள் பிள்ளைகளுக்குக் கொடுப்பதும் வேறா?

ஜனவரி 29 தை அமாவாசை மாலை 6 மணிக்குக் கோயில் வாசலில் வரவு செலவும், தந்தவர்கள் பெயரும் வாசிக்கிறோம். அதற்குள் குழுவில் யாரிடமாவது கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.