பையில் திரும்பப் போட்ட காசு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜெர்மன் நாடக ஆசிரியர் பிரெக்டின் ‘மதர் கரேஜ்’ நாடகம் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை, 1941 ஏப்ரல் 19 அன்று சூரிச்சில் நடந்த அரங்கேற்றம் பார்த்தவர்களை உருக்கியது என்று பாராட்டியிருந்தது. உருக்கியது உண்மைதான். பிரெக்டை உறுத்தியதும் அதுதான். படைகளின் பின்னால் வண்டிக்கடை போட்டுப் போரில் பிழைக்கிற மதர் கரேஜை, பிள்ளைகளைப் பறிகொடுத்த தாயாக மட்டும் பார்த்து அழுதுவிட்டார்கள்.

அதனால் 1949 ஜனவரியில் பெர்லினில் மேடையேற்றும்போது பிரதியிலேயே கைவைத்தார். ஐந்தாம் காட்சியில் காயம்பட்டவர்களுக்குக் கட்டுப்போட அவளே சட்டைகளைக் கொடுப்பதாக இருந்தது. திருத்திய பிரதியில் அவள் தரமாட்டேன் என்கிறாள், பிடுங்கித்தான் எடுக்கிறார்கள். அதிகாரிகளிடம் நல்ல விலைக்குப் போகும் சட்டைகள் ஆயிற்றே!

மூன்றாம் காட்சிதான் உயிர்நாடி. எதிரிப் படையிடம் சிக்கிய மகனை மீட்கப் பணம் வேண்டும். வண்டியைக் கொடுத்தால் 200 கில்டர் காசு கிடைக்கும். அதைக் கட்டினால் மகன் பிழைப்பான். ஆனால் அவள் 120க்கு முடிக்கப் பார்க்கிறாள். மீதி 80 இல்லாமல் மகளோடு எப்படிப் பிழைப்பது என்ற கணக்கு. முழுத்தொகைக்கு அவள் இறங்கி வருவதற்குள் காலம் கடந்துவிடுகிறது. மகனைச் சுடும் வேட்டுச் சத்தம் கேட்டதும், பெர்லினில் அவளாக நடித்த ஹெலனே வைகல் தலையைப் பின்னுக்குச் சாய்த்து வாயை அகலத் திறந்தார்; குரல் எழவில்லை. சிங்கப்பூர் தாக்குதலில் இறந்த மகனருகே குந்தியிருந்த ஓர் இந்தியத் தாயின் பத்திரிகைப் படத்திலிருந்து இது வந்திருக்கலாம் என்கிறது பிரெக்டின் குறிப்பு. பேரத்தை வெட்டிவிட்டு இந்த ஊமை அலறலை மட்டும் வைத்துக்கொள்ளும் இயக்குநர், சூரிச்சின் கண்ணீருக்கே திரும்பிப் போகிறார்.

வெளிநாட்டில் இதைப் போடும் குழுக்களுக்கு வண்டியும் ஒரு சிக்கல். பெர்லினில் சுழல்மேடை எதிர்த்திசையில் சுற்றியதால், இழுக்க இழுக்க வண்டி போய்க்கொண்டே இருப்பதாகத் தெரிந்தது. சுழல்மேடை இல்லாத அரங்கில் நேராக இழுத்தால் பத்து எட்டில் பக்கத்திரைக்குள் போய்விடும். வட்டமாகத்தான் இழுக்க வேண்டும். விளக்கிலும் கவனம் தேவை. பிரெக்ட் கேட்டது நிறம் கலக்காத, பளிச்சென்ற வெள்ளை வெளிச்சம். நீல விளக்கு போட்டால் மேடை சோக நாடகமாகிவிடும், காசு எண்ணும் விரல்களும் தெரியாது.

அந்த விரல்கள் கட்டாயம் தெரிய வேண்டும். கடைசிக் காட்சியில், செத்துக் கிடக்கும் மகளைப் புதைக்க விவசாயிகளுக்குக் கொடுப்பதற்காக வைகல் தோல்பையிலிருந்து காசுகளை எடுத்தார். அதில் ஒன்றைத் திரும்பப் பையில் போட்டார். மீதியைத்தான் கொடுத்தார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்