மாத்திரையை விடச் சொன்ன மகனுக்கு

அன்புள்ள தம்பி,

போனில் நீ கேட்டதற்கு அன்றே பதில் சொல்லியிருப்பேன். நீ நடத்துகிற இயற்கை வைத்திய முகாமில் யாரோ கூப்பிட்டார்கள் என்று வைத்துவிட்டாய்.

பிரஷர் மாத்திரையை விட்டுவிடு என்கிறாய். சாட்சிக்குக் காந்தியை அழைக்கிறாய். சரி, 1909-லேயே ஆஸ்பத்திரிகளைப் பாவம் வளர்க்கும் இடம் என்று எழுதியவர்தான். 1946-ல் உருளிகாஞ்சன் கிராமத்தில் ஏழைகளுக்குக் குளியலும் பத்தியமுமாக வைத்தியம் பார்த்ததும் உண்மைதான். மேடையில் அதோடு நிறுத்திவிடுகிறாயே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

பம்பாயில் அவர் மகன் மணிலாலுக்கு டைபாய்டு வந்தது. பத்து வயதுப் பிள்ளை, ராத்திரியில் ஜன்னி வேறு. முட்டையும் கோழி சூப்பும் கொடுக்கச் சொன்னார் டாக்டர். காந்தி மறுத்துவிட்டார். 104 டிகிரி காய்ச்சலில் ஈரத் துணியைச் சுற்றிப் படுக்க வைத்தார். ஆனால் டாக்டரை அனுப்பிவிடவில்லை. எனக்கு நாடி பார்க்கத் தெரியாது, நீங்கள் அவ்வப்போது வந்து பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். பிள்ளை பிழைத்த பிறகும், கடவுள் அருளா, நீர் சிகிச்சையா, பத்தியமும் பராமரிப்புமா, யாரால் சொல்ல முடியும் என்றுதான் எழுதினார். உன் மேடையில் யாராவது அப்படிப் பேசிக் கேட்டிருக்கிறாயா?

1924-ல் எரவாடா சிறையில் குடல்வால் வீங்கியபோது, பூனா சாசூன் ஆஸ்பத்திரியில் கர்னல் மேடாக்கின் கத்திக்குச் சம்மதித்தவரும் அவரேதான். நடுவில் கரண்ட் போய், அரிக்கேன் விளக்கில் ஆபரேஷனை முடித்தார்களாம். கஸ்தூரிபாவுக்குக் கடைசியில் பென்சிலின் ஊசி வேண்டாம் என்று தடுத்ததும் அவர்தான். அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறாது. பெரிய மனுஷர்தான், ஆனாலும் ஊசி அந்த அம்மாளுக்கல்லவா?

பிரஷர் வலிக்கிற வியாதியில்லை, தம்பி. மாத்திரையை விட்டால் நாலு நாளில் ஒன்றும் தெரியாது. உன்னிடம் வருகிறவர்கள் அதையே குணம் என்று நம்பிப் போவார்கள். மூளையில் ரத்தக்குழாய் வெடிக்கிற அன்று நீ வேறு ஊரில் முகாம் போட்டிருப்பாய். நடக்கச் சொல், உப்பைக் குறைக்கச் சொல், நான் குறுக்கே வரமாட்டேன். மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தச் சொல்லாதே.

நான் நிறுத்தப்போவதில்லை. நீ சொன்னபடி ஊறுகாயை விட்டாயிற்று, அப்பாவுக்குத்தான் கோபம். பொங்கலுக்கு வரும்போது அந்தக் கம்பு மாவு ரெண்டு கிலோ வாங்கி வா.

அம்மா