அந்த ஒன்பது குழிகளில் பெரிய மரம் வைக்காதீர்கள்: கன்று நடும் இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

கன்னங்குறிச்சிப் பக்கம் தெருத்தெருவாக மரக்கன்று நட்டுவரும் தம்பி, தங்கைகளுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் பதினான்கு குழிகள் தோண்டிவிட்டுப் போயிருக்கிறீர்கள். ஒரு நல்ல மழை பெய்ததும் கன்றுகளோடு வருவதாகச் சொன்னீர்களாம். உங்களில் சிலர் எனக்குத் தெரிந்த வீட்டுப் பிள்ளைகள். கடப்பாரை பிடித்துப் பழகாத கைகள் கொப்பளித்துப் போனதைப் பார்த்தேன். அந்த உழைப்பின் மேல் எனக்கு மதிப்பு இருக்கிறது. அதனால்தான் நேரில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகராமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அன்று மாலை டேப்பை எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொரு குழிக்கும் பக்கத்துச் சுவருக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்தேன். ஐந்து குழிகள் நல்ல இடத்தில் இருக்கின்றன. மீதி ஒன்பதும் வீட்டுச் சுவரிலிருந்து 2 அடி முதல் 4 அடிக்குள் இருக்கின்றன. அவற்றில் தூங்குமூஞ்சி, இயல்வாகை, செம்மயிற்கொன்றைக் கன்றுகள் வரப்போவதாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து வேண்டாம்.

நான் சித்தாளாகச் சேர்ந்து, கொத்தனாராகி, பிறகு மேஸ்திரியானவன். 38 ஆண்டுகளாக அஸ்தம்பட்டி, கோரிமேடு, அய்யந்திருமாளிகை, கன்னங்குறிச்சி என்று இந்தப் பக்கத்திலேயே வீடு கட்டியிருக்கிறேன். சித்திரை வெயிலில் சாரத்தின் மேல் நின்று பூச்சு வேலை பார்த்தவனுக்கு ஒரு மர நிழலின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த மடலை மரம் வேண்டாம் என்பவனின் மடலாகப் படித்துவிடாதீர்கள். நீங்கள் வைக்கும் கன்று அறுபது, எழுபது ஆண்டுகள் நிற்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். இருபதாவது ஆண்டில் அதன்மேல் ரம்பம் விழுவதைப் பார்க்க எனக்கு இனித் தெம்பு இல்லை.

எங்கள் தெருக்கோடியில் டீச்சர் அம்மா வீடு இருக்கிறது. 1999-இல் அந்த வீட்டைக் கட்டியவன் நான். அடுத்த ஆண்டு அவர் மகன் பள்ளியில் கொடுத்த தூங்குமூஞ்சிக் கன்றைக் கொண்டுவந்து, காம்பவுண்டுச் சுவருக்கு உள்ளே, சமையலறைச் சுவரிலிருந்து நாலடி தள்ளி நட்டான். கேட் மாட்டும் பாக்கி வேலைக்காக அன்று நான் அங்கே இருந்தேன். அந்தப் பிள்ளை தண்ணீர் ஊற்றிவிட்டு நிமிர்ந்து சிரித்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. "தம்பி, இது வளர்ந்தால் உங்கள் வீட்டையும் எதிர் வீட்டையும் சேர்த்து மூடும்" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். தென் அமெரிக்காவிலிருந்து வந்த மரம் அது. அகன்ற வெளியில் விட்டால் அதன் குடை 80, 100 அடி அகலம்கூட விரியும். அந்த மனையோ 30-க்கு 40.

பத்தாவது ஆண்டில் காம்பவுண்டுச் சுவர் தெருப் பக்கம் சாய்ந்தது. இடித்துவிட்டு, வேர் போகும் இடத்தில் மட்டும் இடைவெளி விட்டு மறுபடி கட்டிக்கொடுத்தேன். பிறகு செப்டிக் டேங்க் அடைத்தது. மூடியைத் திறந்தால் உள்ளே தலைமுடிக் கற்றைபோல வேர். மொட்டை மாடியில் இலையும் காயும் விழுந்து, தண்ணீர் இறங்கும் குழாய் அடைத்துக்கொண்டு, ஒவ்வொரு மழைக்கும் மாடியில் குளம் கட்டியது. தேங்கிய தண்ணீர் மெல்ல இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைத்தது. படுக்கையறைக் கூரையில் காரை பெயர்ந்து விழுந்தது. இவ்வளவுக்கும் அந்த அம்மா மரத்தைக் குறை சொல்லி நான் கேட்டதில்லை. காலையில் அந்த நிழலில்தான் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பார்.

2019 சித்திரையில் ஒரு மாலை, சூறைக்காற்றில் பெரிய கிளை ஒன்று முறிந்து பின்பக்க ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் விழுந்தது. மின்கம்பியும் அறுந்தது. அந்த நேரத்தில் யாரும் அடியில் இல்லாதது பெரும் பேறு. மறு வாரம் ஆட்கள் வந்து, மரத்தை மேலே மொட்டையடித்துவிட்டுப் போனார்கள். ஆபத்து தீர்ந்தது என்று எல்லோரும் நினைத்தோம். மூன்றே ஆண்டில், வெட்டிய இடங்களைச் சுற்றிக் கொத்துக்கொத்தாகக் கிளைத்து முன்பைவிட அடர்த்தியாகிவிட்டது. அடுத்த காற்றில் அந்தப் புதுக் கிளைகள் ஒவ்வொன்றாகப் பிய்ந்து விழுந்தன. 2023-இல் அனுமதி வாங்கி, கிரேன் வைத்து, இரண்டு நாள் வேலையாக வெட்டி எடுத்தார்கள். அந்த இரண்டு நாளும் டீச்சர் அம்மா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார். மகன் பெங்களூரிலிருந்து தொலைபேசியில், "அடிமரத்தையாவது விட்டுவையுங்கள் மேஸ்திரி" என்று கேட்டான். முழங்கால் உயரத்துக்கு விட்டுவைத்தோம். இன்றும் இருக்கிறது, வந்து பாருங்கள்.

இந்த மரம் செய்த தவறு என்று ஒன்றுமே இல்லை. வளர்வதுதான் அதன் வேலை, வளர்ந்தது. இடத்தைத் தேர்ந்தெடுத்த நாங்கள் தவறு செய்தோம், அது செத்தது.

வேரைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். மேலே எவ்வளவு உயரமோ கீழே அவ்வளவு ஆழம் வேர் போகும் என்று பலரும் நம்புகிறார்கள். நான் தோண்டிப் பார்த்த வரையில் அப்படி இல்லை. பெரும்பாலான வேர்கள் மேல் மண்ணில், இரண்டு மூன்று அடிக்குள்ளேயே படுத்து ஓடுகின்றன. கிளை விரிந்த எல்லையையும் தாண்டிப் போகின்றன. அதுவும் நமது மலையடிவாரத்தில் அஸ்திவாரம் தோண்டினால் பல இடங்களில் மூன்று நான்கு அடியிலேயே பாறை தட்டிவிடும். கீழே போக வழியில்லாத வேர் பக்கவாட்டில்தான் போகும். ஒரு பக்கம் வீட்டு அஸ்திவாரம், மறு பக்கம் சாக்கடைக்காகத் தோண்டியபோது வெட்டுப்பட்ட வேர்கள் என்றால், அந்த மரம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? அடைமழையில் மண் ஊறிய பிறகு ஒரு காற்று போதும்.

வேர் குழாயை உடைக்கிறது என்பார்கள். நல்ல குழாயை அது உடைப்பதில்லை. இணைப்பில் கசிவு இருந்தால் அந்த ஈரத்தைத் தேடி நூல்போல நுழைகிறது, உள்ளே போய்ப் பருக்கிறது. சுவர் விரிசலும் அப்படித்தான். எந்த வீட்டில் கோடு விழுந்தாலும் பழியை மரத்தின் மேல் போடுவதை நான் ஏற்கமாட்டேன். சரியாகத் தண்ணீர் ஊற்றி ஊறவைக்காத பூச்சும், ஆழம் போதாத அஸ்திவாரமும் உண்டாக்கிய விரிசல்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். நமது செம்மண்ணில் மரம் குடிக்கும் தண்ணீரால் தரை பெரிதாகச் சுருங்குவதில்லை. கரிசல் மண்ணாக இருந்தால் கதை வேறு. அங்கே கோடையில் திறந்து மழையில் மூடிக்கொள்ளும் விரிசல் கண்டால் பக்கத்து மரத்தைச் சந்தேகப்படலாம். நமது பக்கத்தில் முதலில் அடிபடுவது ஆழமில்லாமல் கட்டிய காம்பவுண்டுச் சுவரும், வாசல்படியும், சாக்கடையும்தான்.

நீங்கள் வைக்காமலே முளைக்கும் மரங்களும் உண்டு. அரசும் ஆலும் பறவை எச்சத்தில் வந்து, சன்ஷேட் இடுக்கிலும் கைப்பிடிச் சுவரிலும் முளைக்கும். விரல் தடிமனில் இருக்கும்போதே காரையைக் கொத்தி, வேரோடு எடுத்து, கலவை வைத்து அடைத்துவிட்டால் முடிந்தது. மேலே மட்டும் கிள்ளிவிட்டால் உள்ளே வேர் பெருத்துக்கொண்டே போகும். வளர்ந்த அரசை வெட்ட ஆள் கிடைக்காது. தேங்காய் உடைத்து, மஞ்சள் துணி கட்டி, மன்னிப்புக் கேட்ட பிறகே கோடரியைத் தொடுவார்கள். அந்தப் பயபக்தி நல்லது. ஆனால் அந்த நிலைக்கு அதை வளரவிட்டது வீட்டுக்காரரின் சோம்பல்.

என் மைத்துனர் ஏற்காட்டில் காபித் தோட்ட வேலைக்குப் போகிறவர். அங்கே காபிச் செடிக்கு நிழலாகவும், மிளகுக் கொடி ஏறவும் சில்வர் ஓக் வைத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த, மளமளவென்று உயரும் மரம். கயிறு போட்டு ஏறி ஆண்டுதோறும் நிழல் மரங்களைக் கிளை கழித்துக் கவாத்து செய்வார்கள். எந்தக் கிளை பின்னாளில் தொல்லை தரும் என்பது மரம் ஆள் உயரத்தில் இருக்கும்போதே தெரிந்துவிடும் என்பார் அவர். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்ற பழமொழி அவர் வாயில் வரும்போது மரத்தைப் பற்றிய நேரடிப் பேச்சாகவே இருக்கும். கிளை தண்டோடு சேரும் இடத்தில் மோதிரம்போல ஒரு தடிப்பு இருக்கும். அதைத் தொடாமல் அதற்கு வெளியே வெட்டினால் பட்டை மூடிக் காயம் ஆறிவிடும். பெரிய கிளை என்றால் முதலில் அடியிலிருந்து கால்வாசி அறுத்து, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையை இறக்கிவிட்டு, கடைசியில் மிச்சக் குச்சியை எடுக்க வேண்டும். ஒரே வெட்டில் இறக்கினால் தண்டின் பட்டையையும் உரித்துக்கொண்டு வரும். மொட்டையடித்த மரத்தில் காயம் இப்படி ஆறுவதில்லை. வெட்டு வாயில் தண்ணீர் இறங்கி உள்ளே அழுகுகிறது. வெளியே தழைத்திருப்பதால் நமக்குத் தெரிவதில்லை.

தம்பிகளே, கன்று நடும் நாளில் நாற்பது பேர் வருகிறீர்கள். மூன்றாம் ஆண்டு கவாத்துக்கு நாலு பேர் வருவீர்களா? இதை நான் குத்திக்காட்டக் கேட்கவில்லை. வருவதாக இருந்தால் மைத்துனரைக் கீழே வரவழைத்து உங்களுக்குச் சொல்லித்தரச் சொல்கிறேன். மின்கம்பிக்குப் பக்கத்தில் மட்டும் நீங்கள் யாரும் ஏறக்கூடாது. அது மின்வாரிய ஆட்களைக் கொண்டே நடக்க வேண்டும்.

தெருவில் உள்ள மரம் தெருவாசிகளின் சொத்து அல்ல என்பதையும் நம் ஆட்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். பொது இடத்து மரத்தை வெட்ட மனு கொடுத்து, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான பசுமைக் குழுவின் ஒப்புதல் பெற வேண்டும். மலைப்பகுதிகளுக்கு 1955-லேயே தனியாக மரப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டம் உள்ள இடத்தில் சொந்தப் பட்டா மரத்தைக்கூட அனுமதியின்றி வெட்ட முடியாது. சரிவில் மண்ணைப் பிடித்து நிற்பது மரத்தின் வேர். வெட்டிய மரத்தின் வேர் சில ஆண்டுகளில் மக்கிப் பிடி விட்டுப்போகும். அதனால் அங்கே வீட்டோரத்து மரத்தை எடுக்கும் முன் பத்து முறை யோசிக்க வேண்டும். இரவோடு இரவாகப் பட்டையை உரித்தும், ஆசிட் ஊற்றியும் மரத்தைக் கொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படிக் காய்ந்த மரம் உயிருள்ள மரத்தைவிடப் பல மடங்கு ஆபத்தானது.

சுற்றிலும் சிமென்ட் போட்டு மரத்தின் கழுத்தை நெரிப்பதும் நம் தெருக்களில் நடக்கிறது. 2013-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லியில், மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் உள்ள கான்கிரீட்டை எடுக்கச் சொல்லி ஆணையிட்டது. நம் தெருவில் அந்த ஒரு மீட்டரை நாமே விட்டுவைக்கலாமே.

இனி அந்தக் குழிகள். என் கணக்கு இது: சுவருக்கும் பெரிய மரத்துக்கும் குறைந்தது 30 அடி, புங்கன், மகிழம்போன்ற நடுத்தர மரத்துக்கு 15 முதல் 20 அடி. நாலடிதான் இருக்கிறது என்றால் பவளமல்லி, மாதுளை, செம்பருத்தி, கறிவேப்பிலை. இது புத்தகக் கணக்கு அல்ல, இடித்துக் கட்டிய சுவர்கள் சொல்லித்தந்த கணக்கு.

தூங்குமூஞ்சியும் நாவலும் இயல்வாகையும் வைக்க இடமா இல்லை? பக்கத்திலேயே மூக்கனேரி இருக்கிறது. 2010-இல் ஊர் மக்கள் கைகோத்து அந்த ஏரியைச் சீர்செய்து, நடுவே மண் திட்டுகள் அமைத்து மரம் வைத்தார்கள். இன்று அந்தத் திட்டுகளில் பறவைகள் அடைகின்றன. அந்த மரங்களால் எந்தச் சுவரும் சாயப்போவதில்லை, யாரும் ரம்பம் தூக்கப்போவதும் இல்லை. உரியவர்களிடம் கேட்டு, ஏரிக்கரை, சுடுகாட்டு ஓரம், பள்ளி மைதானத்தின் எல்லை என்று பெரிய கன்றுகளை அங்கே கொண்டுபோங்கள்.

சின்னச் செடி வைக்க வேண்டிய, இல்லாவிட்டால் மூட வேண்டிய எட்டுக் குழிகளுக்குப் பக்கத்தில் சுண்ணாம்பால் குறி போட்டிருக்கிறேன். ஒன்பதாவது, டீச்சர் அம்மா வீட்டு வாசலில் இருப்பது. அதை மூட வேண்டாம். பூஜைக்குப் பவளமல்லிப் பூ வேண்டும் என்று அவரே கேட்டார். கன்றும் வாங்கி என் வீட்டில் வைத்திருக்கிறேன். வரும் ஞாயிறு காலை ஆறரை மணிக்கு மண்வெட்டியோடு தெருமுனையில் நிற்பேன். வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்க் கட்டட மேஸ்திரி,
கன்னங்குறிச்சி, சேலம்.