புதிருக்கு விடை ஒன்றே இருக்கட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்புகளிலும் சிறுவர் பக்கங்களிலும் வரும் புதிர்களில் திரும்பத் திரும்ப ஒரு குறை தென்படுகிறது. ஒரே புதிருக்கு இரண்டு, மூன்று விடைகள் பொருந்திப் போகின்றன. சரியாகவே போட்ட பிள்ளை, மறுவாரம் வேறொரு விடை அச்சாகியிருப்பதைப் பார்த்துத் தன்மேல்தான் தப்பு என்று எண்ணிக்கொள்கிறது. இதைத் தவிர்ப்பது பெரிய வேலை இல்லை.

‘1, 2, 4, 8, 16, அடுத்தது என்ன?’ என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். 32 என்பார்கள். ஒரு வட்டத்தின் விளிம்பில் புள்ளிகள் வைத்து, எல்லாப் புள்ளிகளையும் ஒன்றோடொன்று கோட்டால் இணைத்துப் பாருங்கள். ஒரு புள்ளிக்கு வட்டம் 1 பகுதி. இரண்டுக்கு 2, மூன்றுக்கு 4, நான்குக்கு 8, ஐந்துக்கு 16. ஆறாவது புள்ளி வைத்தால் அதிகபட்சம் 31 பகுதிகள்தான் கிடைக்கும். ஆக 31 என்று எழுதியவரையும் தப்பு என்று சொல்ல முடியாது. வரிசைக் கணக்கைவிட நிபந்தனைக் கணக்கு நம்பகமானது. ஆனால் அதிலும் ஒரு கண்ணி உண்டு. ‘ஈரிலக்க எண், இலக்கங்களின் கூடுதல் 9, அந்த எண் 9ஆல் வகுபடும்’ என்று கேட்டால் 18 முதல் 90 வரை ஒன்பது எண்கள் வந்து நிற்கும். கூடுதல் 9 என்றாலே 9ஆல் வகுபடும் என்பதால் இரண்டாவது குறிப்பு எதையும் புதிதாகச் சொல்லவில்லை. அதற்குப் பதில் ‘இலக்கங்களை இடம் மாற்றினால் 27 கூடும்’ என்று கொடுத்தால் 36 ஒன்றுதான் விடை. எண்களுக்குப் பதில் பழப் படங்களைப் போட்டுக் கேட்கும் கணக்குகளில் கடைசி வரியில் மட்டும் வாழைச் சீப்பில் ஒரு பழத்தைக் குறைத்து வைப்பது வழக்கம். கறுப்பு வெள்ளையில், கட்டை விரல் அளவில் அச்சிட்டால் அது யார் கண்ணுக்கும் தெரியாது.

ஒவ்வொரு வரிசையிலும் நெடுவரிசையிலும் 3×3 பெட்டியிலும் 1 முதல் 9 வரை ஒரு முறை மட்டும் வர நிரப்பும் சுடோகுவுக்கு ஒரே விடை வர வேண்டுமென்றால் குறைந்தது 17 எண்களாவது கொடுத்தாக வேண்டும் என்பதை 2012இல் டப்ளின் ஆய்வாளர்கள் கணினி கொண்டு நிறுவினார்கள். 17க்கு மேல் கொடுத்துவிட்டால் போதும் என்று இதற்குப் பொருள் இல்லை. ஒன்பது இலக்கங்களில் குறைந்தது எட்டு இலக்கங்கள் கொடுக்கும் எண்களில் தலைகாட்ட வேண்டும். இரண்டு இலக்கங்கள் அடியோடு இல்லாவிட்டால் அவற்றை ஒன்றுக்கொன்று மாற்றிப் போட்டு இன்னொரு விடை எழுதிவிடலாம். முடித்த கட்டத்தில் இரண்டு வரிசை, இரண்டு நெடுவரிசை சந்திக்கும் நான்கு அறைகள் இரண்டே பெட்டிகளுக்குள் அடங்கி, அவற்றில் 4ம் 7ம் குறுக்கும் மறுக்குமாக நின்றால், இரண்டையும் இடம் மாற்றினாலும் விதி பிசகாது என்பதால், நான்கில் ஒன்றையாவது முன்கூட்டியே கொடுத்திருக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் விடுவதால்தான் கடைசி நான்கு அறைகளில் வந்து வாசகர் திணறுகிறார்.

அதிகம் சொல்ல வேண்டியது குறுக்கெழுத்தைப் பற்றி. ஆங்கிலக் கட்டத்தை அப்படியே எடுத்துத் தமிழை நிரப்பினால் அது நிரம்பாது. காரணம் நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. மெய்யெழுத்தில் சொல் தொடங்காது. ‘மரம்’ என்று மேலிருந்து கீழாக எழுதினால் கடைசி அறையில் இருக்கும் ‘ம்’ எந்தக் குறுக்குச் சொல்லுக்கும் முதலெழுத்தாக முடியாது. இன்னொரு சொல்லின் நடுவிலோ முடிவிலோதான் அது பொருந்தும். வல்லின மெய் தமிழ்ச் சொல்லின் கடைசியிலும் வராது. ஆகவே ‘பக்கம்’ என்பதன் ‘க்’ அறையை ‘சக்கரம்’ போல நடுவில் ‘க்’ உள்ள சொல்தான் வெட்ட முடியும். புதிதாகக் கட்டம் போடுபவர்கள் மெய் அறைகளை வெட்டாமல் விட்டு, க, ப, ம, வ போன்ற உயிர்மெய்களில் சொற்களைச் சந்திக்க விடுவது நல்லது. ‘ப’வும் ‘பா’வும் ஒரே அறையில் சந்திக்க முடியாது. ‘வாழைப்பழம்’ ஆறெழுத்து, ‘ப்’பை விட்டு ஐந்தறை கொடுத்தால் கட்டமே குலைந்துவிடும்.

வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்று சொற்களைத் திருப்பிப் போடும் வழக்கம் இந்த மெய்த் தொல்லைக்கு நல்ல மாற்று. அது நம் குறுக்கெழுத்தின் அழகும்கூட. ஆனால் ‘குழம்பியுள்ளது’ என்று எழுத்துகளைக் கலைத்துப் போடும்போது ஒரு கண்டிப்பு வேண்டும்: அந்தச் சொல்லின் எல்லா அறைகளையும் வேறு சொற்கள் வெட்ட வேண்டும். இரண்டு அறைகள் வெட்டப்படாமல் நின்றால், எந்த எழுத்தை எதில் எழுதுவது என்று யாராலும் சொல்ல முடியாது.

எழுத்துகளைக் கலைக்கும் வேலையைக் கணினியிடம் விடும்போதும் எச்சரிக்கை தேவை. ‘கொக்கு’ நமக்கு மூன்றெழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் ஒருங்குறி (யூனிகோடு) முறையில் ஆறு குறியீடு. தமிழ் எழுத்தை அறியாத மென்பொருள் கொம்பையும் புள்ளியையும் தனித்தனியே பிய்த்துப் போட்டுவிடும். ‘விகடகவி’யைக்கூட அது திருப்பிப் படிக்கத் தெரியாமல் உடைத்துவிடும்.

சொற்புதிர்களிலும் இதே கவனம் வேண்டும். ‘மூன்றெழுத்து, தண்ணீரோடு தொடர்புடையது, நடுவெழுத்தை எடுத்தால் கல்’ என்றால் கடலும் பொருந்தும், கயலும் பொருந்தும். ‘நீந்தும்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் கடல் விலகிவிடும்.

விடுகதைக்கு மட்டும் வேறு அளவுகோல். தொல்காப்பியம் ‘பிசி’ என்று சொல்லும் இந்த வகைக்கு உவமைதான் உயிர். ‘அம்மா படுத்திருக்க மகள் ஓடித் திரிவாள்’ என்பதற்கு ‘அம்மி, குழவி’ என்று மட்டும் அச்சிட்டால் மிக்ஸி ஓடும் வீட்டில் வளரும் பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது. விடையோடு ஒரு சின்னப் படமும், அசையாமல் கிடக்கும் கல் தாய், அதன்மேல் உருளும் கல் மகள் என்று ஒரு வரியும் சேருங்கள். இப்படிப்பட்ட விடுகதைகளைப் பழசு என்று ஒதுக்க வேண்டாம்.

பக்கம் வடிவமைத்து முடிந்த பிறகு, அச்சுப்படியை விடை தெரியாத இருவரிடம் கொடுத்துப் போடச் சொல்லுங்கள். ஒருவர் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளையாக இருந்தால் நல்லது. சுடோகுவில் ஓர் இலக்கம் மாறி அச்சாகியிருந்தாலும் அங்கேயே தெரிந்துவிடும். வேறு விடை வந்தால் குறிப்பைத் திருத்துங்கள்.

அடுத்த இதழுக்கு ஒன்று அனுப்புகிறேன்: மூன்றெழுத்துப் பழம், முதலெழுத்து தனியே நின்றால் மரம், மற்ற இரண்டும் சேர்ந்தால் ஓட்டை. விடை: மாதுளை. மா மரம், துளை ஓட்டை என்ற விளக்கத்தையும் விடையோடு சேர்த்தே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
புதிர்ப் பக்க வாசகர்,
கும்பகோணம்